ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 1, 2, 3 என்று தனி வரிசையில் பில் எண்: நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

மாதவரம்_லோடு | திங்கள், இரவு 9:40

வணக்கம். மாதவரத்தில் ஒரு டயர் கடை மாடியில் இரண்டு பேர் உட்கார்ந்து, லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் நடத்துகிறோம். எல்.ஆர் (லோடு ஏற்றியதற்குக் கொடுக்கும் லாரி ரசீது), பில், வாடகை பாக்கி, அவ்வளவுதான். முப்பத்தொரு ஆபீஸ்களுக்கும் ஒரே டேட்டாபேஸ், போஸ்ட்கிரெஸ். ஒவ்வொரு டேபிளிலும் இது எந்த ஆபீஸ் என்று ஒரு ஃபீல்ட் இருக்கிறது.

ஆரம்பத்தில் டேபிளின் ஐடியையே எல்.ஆர் எண்ணாக அச்சடித்துவிட்டோம். மணலியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் முதல் லோடு புக் பண்ணினார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் 48,213 என்று வந்தது. "தம்பி, நான் இன்னும் வண்டிக்குத் தார்ப்பாய்கூடக் கட்டவில்லை, அதற்குள் நாற்பத்தெட்டாயிரமா?" என்று போன் பண்ணினார். அடுத்தது 48,219. "நடுவில் ஐந்து எங்கே போச்சு?" அவை மற்ற ஆபீஸ்களுடையவை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சரி என்று, அந்த ஆபீஸில் இதுவரை உள்ள பெரிய எண்ணைத் தேடி ஒன்று கூட்டும்படி மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஆபீஸில் இரண்டு கிளார்க்குகளும் ஒரே நேரத்தில் சேவ் அழுத்த, இரண்டு பேருக்கும் 212. ஒரு 212 ஓசூர் போய்விட்டது, இன்னொன்று ராணிப்பேட்டை. கையில் காகிதத்தோடு டிரைவர்கள் போனபிறகு எதைத் திருத்துவது?

ஐஸ்பெட்டி | திங்கள், இரவு 10:05

முதலில் இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். ஆபீஸ், எண் இரண்டையும் சேர்த்து ஒரு யூனிக் இண்டெக்ஸ், அதாவது ஒரே ஜோடி இரண்டு தடவை பதிவாக விடாத தடுப்பு. நாளை எந்த முறைக்கு மாறினாலும் அது அடியில் இருக்கட்டும். கோடில் தப்பு நடந்தால் ஒருவருக்கு எரர் வரும், ஆனால் இரண்டு 212 வராது.

அப்புறம் ஒரு கேள்வி. கிளார்க் கடைசி எல்.ஆரை டெலீட் பண்ண முடியுமா? முடியும் என்றால் சனிக்கிழமை நடந்தது ஒரே ஆள் இருந்தாலும் நடக்கும். 215 அச்சடித்து டிரைவரிடம் கொடுத்தாயிற்று, சரக்கு மாறிவிட்டது என்று திரையில் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அதுவும் 215 ஆகத்தான் வரும். அப்போது யூனிக் இண்டெக்ஸும் காப்பாற்றாது, ஏனென்றால் பழையதுதான் டேபிளிலேயே இல்லையே.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | திங்கள், இரவு 10:31

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்? முப்பத்தொரு ஆபீஸுக்கு முப்பத்தொரு சீக்வென்ஸ், கேட்கக் கேட்க அடுத்த எண்ணைக் கொடுக்கும் டேட்டாபேஸ் கவுண்டர். புது ஆபீஸ் சேரும்போது ஒரு சீக்வென்ஸ் உருவாக்கிவிடுங்கள். டூப்ளிகேட் வராது, யாரும் காத்திருக்க வேண்டாம். இரண்டு எண் விடுபட்டால் வானம் இடிந்து விழாது. விடுபட்ட எண்ணைப் பற்றிக் கவலைப்படுவது புரோகிராமர்களுக்கு மட்டும் வரும் வியாதி.

சீக்வென்ஸ்_சித்தர் | திங்கள், இரவு 11:12

பெயரில் சீக்வென்ஸ் வைத்திருக்கும் நானே இதை எதிர்க்கிறேன் பாருங்கள்.

சீக்வென்ஸில் அடுத்த எண்ணைக் கேட்ட கணமே அது செலவாகிவிடும். அதன்பின் டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனாலும், அதாவது அந்த வேலை பாதியில் ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்பினாலும், எண் திரும்பாது. இது பிழை இல்லை. செலவான எண்ணைத் திருப்பி வாங்க வேண்டுமானால், முதல் ஆள் கமிட் பண்ணுகிறாரா (வேலையை முடித்து நிரந்தரமாகப் பதிகிறாரா) இல்லையா என்று தெரியும்வரை இரண்டாவது ஆள் நிற்க வேண்டும். யாரும் நிற்கக் கூடாது என்பதற்காகவே சீக்வென்ஸை அப்படிச் செய்திருக்கிறார்கள். விடுபடாத எண் வேண்டும், காத்திருக்கவும் மாட்டேன் என்றால் எந்த டேட்டாபேஸிலும் நடக்காது.

இன்னொன்று. முப்பத்தொன்று இன்று. எல்.ஆர், பில், கிரெடிட் நோட் என்று பிரித்து, நிதியாண்டு தொடங்கும் ஒவ்வொரு ஏப்ரலுக்கும் புதிதாக உருவாக்கிக்கொண்டே போனால் நான்கு வருடத்தில் எத்தனை சீக்வென்ஸ் என்று பெருக்கிப் பாருங்கள். அதோடு, வாடிக்கையாளர் சேரும் திரையை ஓட்டும் அப்ளிகேஷன் யூசருக்கே டேட்டாபேஸில் புதுப் பொருள் உருவாக்கும் உரிமை கொடுக்க வேண்டி வரும். எனக்கு அது பிடிக்காது.

விடுபடலாமா கூடாதா என்பது வேறு விவாதம். அதைக் கணக்குத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு_அக்கா | செவ்வாய், காலை 7:15

சொல்கிறேன். மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு.

2017 சிஜிஎஸ்டி விதிகளில் 46-வது விதியைப் படியுங்கள். பில் எண் தொடர் வரிசையில் இருக்க வேண்டும், பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வரக் கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு இவை மட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சீரிஸ் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

"வானம் இடியாது" என்ற தம்பிக்கு: விற்பனை விவரம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 13-வது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனை, அதில் ரத்து எத்தனை, நிகரம் எத்தனை. 201 முதல் 260 வரை என்றால் மொத்தம் அறுபது. உங்கள் சிஸ்டத்தில் பில் ஐம்பத்தேழு, ரத்து ஒன்று என்றால் மீதி இரண்டை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? வானம் இடியாது, என் வாட்ஸ்அப்தான் இடியும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி ராத்திரி "தம்பி, 233 எங்கே?" என்று நானே உங்களைக் கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயத்தை டெவலப்பர்கள் எல்லோரும் தவறவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கு ஒரு வரிசை என்று நினைக்காதீர்கள், ஜிஎஸ்டி பதிவுக்கு ஒரு வரிசை. மாதவரம் லாரி ஆபீஸ் பலவற்றுக்கு நெல்லூர்ப் பக்கமும் கிளை உண்டு. ஒரே முதலாளிதான், ஆனால் தமிழ்நாட்டுப் பதிவு 33-இல் தொடங்கும், ஆந்திரா 37-இல் தொடங்கும். இரண்டுக்கும் தனித்தனி ரிட்டர்ன்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | செவ்வாய், காலை 8:02

அக்கா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். பில்லுக்கு விடுபடக் கூடாது. ஆனால் சப்போர்ட் டிக்கெட், கஸ்டமர் கோடு, வண்டிப் பதிவு எல்லாவற்றுக்கும் இதே பூட்டைப் போட்டு சிஸ்டத்தை மெதுவாக்காதீர்கள். அங்கே சீக்வென்ஸே போதும்.

பழைய_கார்பன் | செவ்வாய், காலை 11:20

பிள்ளைகளா, நான் பாரிமுனையில் இருபத்தாறு வருடம் எல்.ஆர் எழுதியவன். உங்கள் போஸ்ட்கிரெஸ் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பிரச்சினை தெரியும்.

அச்சகத்திலிருந்து புத்தகம் வரும்போதே எண் போட்டுத்தான் வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று தாள், நடுவில் கார்பன். கட்டில் இருந்து ஒரு புத்தகத்தை எடுப்பதற்கு முன்னால் முதலாளி ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவார், எந்த எண் முதல் எந்த எண் வரை, யாரிடம் என்று. எழுதும்போது தப்பாகிவிட்டால் கிழிக்கக் கூடாது. மூன்று தாளையும் புத்தகத்திலேயே விட்டு, குறுக்கே கோடு போட்டு "ரத்து" என்று எழுதி, கீழே சுருக்கொப்பம் வைப்போம். வருடக் கடைசியில் ஆடிட்டர் புத்தகத்தைப் புரட்டும்போது தாளை எண்ணமாட்டார், கிழிந்த ஓரத்தைத்தான் பார்ப்பார்.

பார்ட்டி வந்து விலை விசாரிக்கும்போது துண்டுச் சீட்டில் எழுதுவோம். லோடு உறுதியானபிறகுதான் புத்தகத்தைத் தொடுவோம். விசாரணைக்கெல்லாம் புத்தகத்தில் எழுதினால் பாதிப் புத்தகம் ரத்து ஆகிவிடும்.

சீக்வென்ஸ்_சித்தர் | செவ்வாய், மதியம் 1:48

ஐயா சொன்னதில் முழு டிசைனும் இருக்கிறது. துண்டுச் சீட்டு என்பது டிராஃப்ட், அதற்கு எண் கிடையாது. "உறுதி செய்" அழுத்தும்போதுதான் எண். டெலீட் என்ற பட்டனே வேண்டாம், ரத்து என்ற நிலை மட்டும் போதும்.

இப்போது எண்ணைக் கொடுக்கும் இடம். தனியாக ஒரு டேபிள். ஜிஎஸ்டி பதிவு, ஆவண வகை, சீரிஸ், நிதியாண்டு நான்கும் சேர்ந்து பிரைமரி கீ, அதாவது இந்த நான்கும் ஒன்றாக இருக்கும் ரோ ஒன்றுதான் இருக்க முடியும். ஐந்தாவது ஃபீல்ட் கடைசி எண். பில்லை எழுதும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் அந்த ஒரு ரோவில் கடைசி எண்ணை ஒன்று கூட்டி அப்டேட் செய்யுங்கள். அந்த அப்டேட்டிலேயே ரிட்டர்னிங் போட்டுப் புது எண்ணை வாங்கி, பில்லில் எழுதி, கமிட். முதலில் செலக்ட், பிறகு அப்டேட் என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். பிரித்தால் சனிக்கிழமை திரும்ப வரும்.

அப்டேட் நடந்ததும் அந்த ரோ பூட்டிக்கொள்ளும். அதே ஆபீஸின் இரண்டாவது கிளார்க் அங்கே நிற்பார். முன்னால் இருப்பவர் கமிட் செய்தால் இவருக்கு 213. முன்னால் இருப்பவர் ரோல்பேக் ஆனால் இவருக்கு 212. விடுபடவே வாய்ப்பில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள் ஜீரோ கேட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு தனி கேட். மணலி ஆபீஸ் வரிசையில் நிற்பதால் மாதவரம் ஆபீஸ் ஒரு நொடிகூட நிற்காது. ஒரு ஆபீஸுக்குள் இரண்டு மூன்று கிளார்க்குகள்தானே, சில மில்லி செகண்டில் முடியும்.

கவனிக்க வேண்டியவை. டேபிளில் அந்த ரோ இல்லாவிட்டால் உருவாக்கவும், இருந்தால் கூட்டவும் ஒரே வாக்கியத்தில் முடியும், போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலிருந்து இன்சர்ட்டோடு ஆன் கான்ஃப்ளிக்ட் இருக்கிறது. ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று எப்போது பார்க்கலாம் என்ற அமைப்பு) ரீட் கமிட்டட் ஆக இருக்கட்டும், போஸ்ட்கிரெஸில் வழக்கமாக அதுதான் இருக்கும். ரிப்பீட்டபிள் ரீட் வைத்திருந்தால் வரிசையில் நின்றவருக்கு எண்ணுக்குப் பதில் எரர் வரும், மறுபடி முயற்சிக்கும் கோடு எழுதியாக வேண்டும். கடைசி எண்ணைக் கம்பெனி டேபிளிலேயே ஒரு ஃபீல்டாக வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். என்றாவது ஒருவர் அந்த ரோவில் செலக்ட் ஃபார் அப்டேட் போடுவார், அதாவது ரோவைப் பூட்டிக்கொண்டு படிப்பார். கம்பெனியைச் சுட்டும் எந்த டேபிளில் புது ரோ சேர்த்தாலும் ஃபாரின் கீ சரிபார்ப்பு (அந்தக் கம்பெனி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) அந்தக் கம்பெனி ரோவில் ஒரு சின்னப் பூட்டு கேட்கும். பிறகு வண்டிப் பதிவு முதல் டீச் செலவு வரை எல்லாம் நிற்கும்.

வடை_டெவலப்பர் | செவ்வாய், மாலை 4:30

மைஎஸ்க்யூஎல் காரர்களுக்கு ஏதாவது உண்டா தல? அதில் ரிட்டர்னிங் கிடையாதே.

சீக்வென்ஸ்_சித்தர் | செவ்வாய், மாலை 4:52

அதே டேபிள், அதே அப்டேட். கூட்டும் இடத்தில் லாஸ்ட் இன்சர்ட் ஐடி ஃபங்ஷனுக்குள் "கடைசி எண் + 1" என்று கொடுத்தால், அடுத்த வரியில் அதே ஃபங்ஷனைச் சும்மா கூப்பிட்டு அந்த எண்ணை வாங்கலாம். அது உங்கள் கனெக்‌ஷனுக்கு மட்டுமே உரியது, பக்கத்து ஆள் கலக்க முடியாது. ஆட்டோ இன்கிரிமென்டை பில் எண்ணுக்கு நம்பாதீர்கள். 8.0-க்கு முந்தைய மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் (டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) அந்த எண் மெமரியில்தான் இருந்தது. கடைசி ரோக்களை அழித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினால் அழித்த எண்களே மறுபடி வரும்.

மாதவரம்_லோடு | வியாழன், இரவு 8:15

சித்தர் அண்ணா சொன்னபடி போட்டேன். நேற்று முழுவதும் அருமை. இன்று காலை பத்தரைக்கு ஒரு ஆபீஸ் மட்டும் உறைந்துவிட்டது. மூன்று கிளார்க்குகளுக்கும் சேவ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மற்ற முப்பதும் ஓடுகின்றன.

தோண்டிப் பார்த்தால் தவறு என்னுடையது. எண் வாங்கியதும் பார்ட்டிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் கோடும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்தது. வெளியே அந்த எஸ்எம்எஸ் சர்வீஸ் பதில் சொல்ல நாற்பது விநாடி எடுத்திருக்கிறது. அந்த நாற்பது விநாடியும் பூட்டு என் கையில். பின்னால் நின்றவருக்கு இன்னொரு நாற்பது. இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். சரிபார்ப்பு, வரிக் கணக்கு எல்லாம் முதலில், எண் வாங்குவது கமிட்டுக்குச் சற்று முன்னால், எஸ்எம்எஸ்ஸும் பிடிஎஃப்பும் கமிட்டுக்குப் பிறகு ஒரு க்யூவில்.

ஐஸ்பெட்டி | வியாழன், இரவு 9:03

எல்.ஆரும் பில்லும் ஒரே நேரத்தில் போடும் திரை இருந்தால் இரண்டு எண்களையும் எப்போதும் ஒரே வரிசையில் வாங்குங்கள். ஒரு திரை எல்.ஆர் முதலில், இன்னொரு திரை பில் முதலில் என்றால் ஒருநாள் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு விநாடி பார்த்துவிட்டு ஒன்றைக் கொன்றுவிடும்.

இப்போது என் கதை. காசிமேட்டில் ஐஸ் கம்பெனிகளுக்கும் ஏலக்காரர்களுக்கும் சீட்டு போடும் அப்ளிகேஷன் நம்முடையது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்கும், அதனால் ஏப்ரல் 1 விடியற்காலை என்றால் ஹார்பரில் நிற்க இடம் இருக்காது. மூன்று மணிக்கு போட் வந்தது, சீட்டு போட்டார்கள், எண் பழைய நிதியாண்டிலேயே தொடர்ந்து போகிறது. யாரும் கவனிக்கவில்லை. சரியாக ஐந்தரைக்கு இரண்டு பேருக்கு எரர். எனக்குப் போன் வந்தபோது நான் தூக்கத்தில் இருந்தேன், பின்னணியில் ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு தவறு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால், அதனால் நமக்கு ஏப்ரல் 1 விடியும்போது சர்வருக்கு மார்ச் 31 இரவுதான். ஐந்தரைக்கு சர்வருக்கு வருடம் பிறந்ததும் இரண்டாவது தவறு வெளியே வந்தது. அப்போது நான் செலக்ட் ஃபார் அப்டேட் போட்டுவிட்டுக் கூட்டும் முறையில் இருந்தேன். புது வருடத்துக்கு ரோவே இல்லை. இல்லாத ரோவை எப்படிப் பூட்டுவது? ஒரே நொடியில் சேவ் அழுத்திய மூன்று பேரும் "பூட்டு கிடைத்தது" என்று நினைத்து ஆளுக்கொரு புது ரோவைச் சேர்க்கப் போனார்கள். பிரைமரி கீ இருந்ததால் ஒருவர் ஜெயித்தார், இரண்டு பேருக்கு எரர்.

அதனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எண்ணைப் பூஜ்யமாக்கும் ஜாப் எதுவும் எழுதாதீர்கள். நிதியாண்டைக் கீயிலேயே வையுங்கள், முதல் சீட்டு வரும்போது ரோ தானாக உருவாகட்டும். எந்த நிதியாண்டு என்பதை சர்வர் கடிகாரத்திடம் கேட்காதீர்கள், பில் தேதியிடம் கேளுங்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி உட்கார்ந்து மார்ச் 31 தேதியில் பில் போடுவார்கள், அப்போது பழைய வருடத்து ரோ உயிரோடு இருக்க வேண்டும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் | வெள்ளி, காலை 9:20

எல்லாம் சரி, நெட் இல்லாவிட்டால்? எண்ணூர் யார்டில் இரும்பு ஷெட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அங்கே டேப்லெட்டில் புக் பண்ணி, காகிதம் கொடுத்து, வண்டியை விட்டாக வேண்டும். உங்கள் பூட்டு மாதவரத்தில் இருக்கிறது, என் டிரைவர் எண்ணூரில் இருக்கிறார்.

பழைய_கார்பன் | வெள்ளி, காலை 9:55

கிளைக்கு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பு தம்பி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கணக்கு_அக்கா | வெள்ளி, காலை 10:10

ஐயா சொன்னதேதான். விதியே பல சீரிஸுக்கு இடம் கொடுக்கிறது. யார்டு டேப்லெட்டுக்குத் தனி சீரிஸ், அந்த சீரிஸை வேறு யாரும் தொடக் கூடாது. 13-வது அட்டவணையில் இன்னொரு வரி கூடும், அவ்வளவுதான்.

ஆனால் பதினாறு எழுத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கிளைக்கு மூன்று எழுத்து, ஒரு சாய்கோடு, வருடத்துக்கு 25-26 என்று ஐந்து, இன்னொரு சாய்கோடு, ஆறு இலக்கம். கூட்டினால் சரியாகப் பதினாறு. எண்ணூர், எண்ணூர் யார்டு என்று பிரிக்க நான்காவது எழுத்து சேர்த்தால் பதினேழு, முடிந்தது கதை. ஆறு இலக்கத்தை ஐந்தாக்குங்கள்.

லாரி ஆபீஸ்களுக்கு இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது) விலக்கு இருப்பதால் தப்பித்தீர்கள். மற்ற தொழில்களுக்கும் சாஃப்ட்வேர் விற்கப் போகிறீர்கள் என்றால், அங்கே எண் பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது. ரத்து செய்த எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

மாதவரம்_லோடு | வெள்ளி, இரவு 10:30

இன்று ஒரு அதிர்ச்சி. எல்லோருக்கும் 1, 2, 3 என்று வந்தபிறகு, தேடும் பெட்டியில் 12 என்று அடித்தால் வேறொரு ஆபீஸின் 12 திறந்தது. ஐடி ஒன்றே எண்ணாக இருந்தபோது எழுதிய கோடு, ஆபீஸ் ஃபில்டர் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துத் தேடியிருக்கிறது. நல்லவேளை, பார்த்தது நான்தான். லிங்கில் பழைய ஐடிக்குப் பதில் யூயூஐடி (வரிசையில் வராத நீண்ட அடையாளம்) போட்டுவிட்டேன், பில் எண் கண்ணுக்குத் தெரிய மட்டும். ஒரு ஆபீஸின் ரோவை இன்னொரு ஆபீஸ் பார்க்காமல் டேட்டாபேஸே தடுக்கும் ரோ லெவல் செக்யூரிட்டியும் நாளை போடுகிறேன்.

பழைய பில்கள் எதற்கும் எண்ணை மாற்றவில்லை, அச்சடித்துக் கொடுத்தது கொடுத்ததுதான். ஒவ்வொரு ஆபீஸுக்கும் புது சீரிஸ் தொடங்கிவிட்டேன். நடு வருடத்தில் வேறு சாஃப்ட்வேரிலிருந்து வருபவர்களுக்குக் கடைசி எண்ணை 1,846 என்று போட்டுக்கொடுக்க ஒரு அட்மின் திரை இருக்கிறது. முதல் பில் போனதும் அது பூட்டிக்கொள்ளும்.

ஒரே ஒரு கோரிக்கைதான் பாக்கி. மணலிக்காரர், அந்த 48,213-காரர், முதல் பில் 1 என்று இருந்தால் பார்ட்டிகள் மதிக்கமாட்டார்கள், 101-இல் தொடங்கு என்கிறார். கூட்டினால் எட்டு வரும் எண்ணெல்லாம் தானாகத் தாண்டிப் போக வேண்டுமாம். 107-ஐ இப்போதே எடுத்துவிடச் சொல்கிறார்.

கணக்கு_அக்கா | வெள்ளி, இரவு 10:41

101-இல் தொடங்கட்டும். நடுவில் தாண்டக் கூடாது. எட்டு பிடிக்காது என்று 13-வது அட்டவணையில் எழுத எனக்குக் கட்டம் இல்லை.

மாதவரம்_லோடு | திங்கள், காலை 11:05

107 போய்விட்டது. அன்று காலை தன் மச்சானுடைய லோடு ஒன்றை அந்த எண்ணுக்காகவே நிறுத்தி வைத்திருந்தாராம். அடுத்தது 116. அதற்கும் மச்சானைத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார்.